மண்ணீரலும் முப்பது ரூபாயும்

மாட்டுங்கா லேபர் கேம்ப் என்னும் பெயரைக் கேட்டு, புதிதாக மும்பைக்கு வந்த ஒருவர் மாட்டுங்காவின் கோயில் தெருக்களில் அதைத் தேடுவாராயின் அலைந்து களைத்துப் போவார். பெயர் மாட்டுங்காவினுடையது, இடமோ தாராவியைச் சேர்ந்தது. தமிழரும் மராத்தியரும் பிறரும் அண்டை வீட்டாராய் வாழும் அப்பகுதியில், உடல் உழைப்பையே முதலாகக் கொண்டு பிழைப்போர் மிகப் பலர். சாரத்தில் ஏறுகிறவர், மூட்டை தூக்குகிறவர், தோல் வேலை செய்கிறவர், விடியற்காலையில் ரயில் பெட்டியின் வாயிற்படியில் தொங்கிக்கொண்டு போகிறவர் என்று இவர்களை வகைப்படுத்தலாம். இவர்களுள் யாருக்கேனும் பலத்த அடிபட்டால் பெரும்பாலும் கொண்டு செல்லப்படும் இடம், அம்பேத்கர் சாலையில் உள்ள சயான் ஆஸ்பத்திரி. லோகமான்ய திலகர் பெயரைத் தாங்கிய அம்மாநகராட்சி மருத்துவமனை, 1947ஆம் ஆண்டில் இராணுவத்தார் விட்டுச் சென்ற கொட்டகைகளில் தொடங்கப் பெற்றது. 1964இல் அதனோடு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது.

அங்கே வந்து சேரும் காயங்களுள் மருத்துவரை மிகவும் ஏமாற்றக்கூடியது எது என்று கேட்டால், வயிற்றில் பட்ட ஊமையடி என்றே கூற வேண்டும். கை முறிந்தால் கோணித் தெரியும். தலை உடைந்தால் இரத்தம் வழியும். வயிறு அப்படிப்பட்டதன்று. வளர்ந்த மனிதன் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் வயிற்றறைக்குள் கசிந்து தேங்கினாலும் வெளியே பெரிதாக வீக்கம் காணாமற் போகலாம். முதலில் நாடி விரையும், தோல் குளிரும், இரத்த அழுத்தமோ நெடுநேரம் தாக்குப் பிடித்து நின்று, உள்ள இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும் தறுவாயில் திடீரென்று வீழும். அதுவரையில் அடிபட்டவர் பெஞ்சியில் உட்கார்ந்து, ஒரு கோப்பைத் தேநீர் வாங்கித் தரச் சொல்லி, "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று பிடிவாதம் செய்வதும் உண்டு.

இவ்வாறு மறைந்து கிடக்கும் காயங்களுள் ஒன்றன் வரலாற்றையே இங்கு நாம் கூற முற்படுகின்றோம். அது மண்ணீரலின் வரலாறு. மருத்துவ நூலின் ஒரு பகுதியாக மட்டும் அஃது அமைந்துவிடவில்லை. நீதிமன்றப் பதிவேடுகளிலும் இடம் பெற்றது. நம்மைப் போன்ற உழைக்கும் மக்களின் உயிருக்கு ஒரு காலத்தில் என்ன விலை வைக்கப்பட்டது என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது.

மண்ணீரல் இடப்பக்கத்தில், ஒன்பதாம் விலா முதல் பதினொன்றாம் விலா வரையிலான எலும்புகளின் மறைவில் இருப்பது. நலமுள்ளவர் உடலில் அது கைப்பிடி அளவினது. எடை ஏறக்குறைய 150 கிராம். விரலால் அழுத்தினால் கைக்கு அகப்படாது. ஆனால் முறைக்காய்ச்சல் என்று நம் முன்னோர் கூறிய மலேரியா ஒருவரைப் பலமுறை பற்றினால், மண்ணீரல் விலாவின் கீழே இறங்கி, சிலரிடத்துக் கொப்பூழையும் தாண்டி வளர்ந்துவிடும். ஆமைக்கட்டி என்று நாட்டார் வழங்கிய நோய் இதுவே. வளர்ந்த மண்ணீரல் விலாவின் காவலை இழந்தது. அதன் உறை இழுபட்டு மெலிந்தது. உள்ளே இரத்தம் நிறைந்தது. நலமுள்ளவர் தூசி தட்டிக்கொண்டு எழுந்து போகும் அளவான ஒரு தள்ளுதலோ, ஒரு சறுக்கி விழுதலோ போதும், அது கிழிந்து உள்ளே இரத்தம் கொட்டுவதற்கு.

இந்நாட்டு மக்களில் எத்தனையோ பேர் இத்தகைய மண்ணீரலோடு நடமாடினர் என்பது ஆங்கிலேய ஆட்சியாளருக்கு நெடுங்காலமாகவே தெரியும். 1840களில் வட இந்தியாவில் யமுனைக் கால்வாயை ஒட்டிய கிராமங்களில் காய்ச்சல் மிகுந்தபோது, டெம்ப்ஸ்டர் என்னும் மருத்துவர் ஊர் ஊராகச் சென்று மக்களின் வயிற்றைத் தடவிப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். நூற்றுக்கு எத்தனை வயிற்றில் கட்டி இருக்கிறதோ அதுவே அவ்வூரின் காய்ச்சல் அளவு என்பது அவர் கண்ட வழி. லாவரான் 1880இல் அல்ஜீரியாவில் மலேரியாக் கிருமியைக் கண்டதற்கும், ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டதற்கும் பல்லாண்டுகளுக்கு முற்பட்டது இது. கிருமியும் தெரியாது, கொசுவின் பங்கும் தெரியாது. மண்ணீரல் மட்டும் தெரியும். நார்மன் செவர்ஸ் என்பார் 1856இல் வெளியிட்ட, வங்காளத்துக்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் உரிய சட்ட மருத்துவ நூலிலும் மண்ணீரல் கிழிதல் பற்றிய செய்திகள் இடம் பெற்றுள்ளன.

இவற்றை மனத்திற் கொண்டு ஆக்ராவில் 1875ஆம் ஆண்டு நடந்ததைக் காண்போம்.

ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு மாதாகோயிலுக்குப் புறப்பட்டார். வண்டி வாயிலில் வந்து நின்றது. குதிரைக்காரனாகிய கட்வாரு அருகில் இல்லை. ஆள் அனுப்பிய பின் வந்தான். தாமதத்துக்காக ஃபுல்லர் அவனைத் தலையிலும் முகத்திலும் கையால் அறைந்து, தலைமயிரைப் பற்றி இழுத்தார். அவன் கீழே விழுந்தான். வண்டி மாதாகோயிலுக்குப் போய்விட்டது. கட்வாரு எழுந்தான், பக்கத்து வளாகத்துக்குள் நடந்து சென்றான், சென்ற சிறிது நேரத்திற்கெல்லாம் இறந்தான்.

பிணத்தைச் சோதித்த மருத்துவர், மண்ணீரல் கிழிந்ததே சாவுக்குக் காரணம் என்றும், அவ்வுறுப்பு நோயினால் வீங்கியிருந்தமையால் மிகச் சிறிய அடியோ வீழ்ச்சியோ கூட அதனைக் கிழிக்கப் போதுமானது என்றும் சாட்சியம் கூறினார். மருத்துவத்தில் பிழை இல்லை. அதை வைத்து எழுதப்பட்ட தீர்ப்பே நம்மைத் திகைக்க வைக்கிறது. லீட்ஸ் என்னும் மாஜிஸ்திரேட், ஃபுல்லர் செய்தது சாதாரணக் காயம் விளைவித்தல் மட்டுமே என்று கண்டு, முப்பது ரூபாய் அபராதம் விதித்தார். கட்டத் தவறினால் பதினைந்து நாள் வெறுங்காவல். அம்முப்பது ரூபாய் கட்வாருவின் மனைவிக்குச் சேர வேண்டும் என்பதும் உத்தரவு.

இதைப் பற்றி அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் கருத்துக் கேட்கப்பட்டபோது, தண்டனை சற்றுக் குறைவாக இருக்கலாமாயினும் குறிப்பாக ஆட்சேபிக்கத் தக்கதன்று என்று அது கூறிவிட்டது. அப்போது புதிதாக வந்திருந்த வைசிராய் லிட்டன் பிரபு அதை ஏற்கவில்லை. 1876ஆம் ஆண்டு ஜூலையில் அவருடைய அரசாங்கம் மாகாண அரசுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு மனிதன் இறந்த வழக்கை இவ்வளவு இலேசாக முடித்தது தவறு என்று கண்டித்தது. அற்பக் காரணத்துக்கெல்லாம் வேலைக்காரரை அடிக்கும் வழக்கத்துக்குத் தக்க தண்டனை வேண்டும் என்றது. லீட்ஸுக்கு ஓராண்டுக்காவது தனிப் பொறுப்புத் தரலாகாது என்றும் ஆணையிட்டது. இந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பத்திரிகைகள் வைசிராய்மீது சீறி விழுந்தன. அதே லிட்டன் இரண்டாண்டு கழித்து, 1878இல், இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கச் சட்டம் கொண்டு வந்தவர் என்பதையும் நாம் மறக்கவில்லை. எனினும் இவ்வொரு கடிதத்திற்காக அவருக்கு உரியதை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

அக்காலச் சட்டம் என்ன கூறிற்று? 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு. நோயாலோ உடற்குறையாலோ துன்புறும் ஒருவருக்குக் காயம் விளைத்து அதனால் அவர் சாவை விரைவுபடுத்தியவர், அச்சாவை விளைத்தவரே ஆவர் என்பது அதன் கருத்து. அடுத்த பிரிவோ, அடித்தவருக்கு அந்நோய் தெரியுமா என்று கேட்கிறது. நோயாளி என்று அறிந்து, இவ்வடி அவனைக் கொல்லக்கூடும் என்று அறிந்து அடித்தால் கொலை. அறியாமல், நலமுள்ளவனைக் கொல்லாத அளவான அடி அடித்தால் கொலையன்று. சொல்லளவில் இது நியாயமே. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதை வந்தபோதும் இவ்விளக்கம் கைவிடப்படவில்லை.

இடர்ப்பாடு சட்டத்தின் சொல்லில் இல்லை. 'அறியாமல்' என்ற அச்சொல்லை யார் பயன்படுத்திக்கொண்டார் என்பதில் இருந்தது. மாகாணம் முழுவதும் மண்ணீரலை எண்ணிக் கணக்கிட்ட அரசாங்கத்தின் நீதிமன்றத்தில், என் குதிரைக்காரனுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது எனக்குத் தெரியாது என்று கூறுவது தக்க எதிர்வாதமாக ஏற்கப்பட்டது. சுகாதார அறிக்கையில் ஊரெங்கும் காணப்படும் நோய், வழக்கு மன்றத்தில் ஏறியவுடன் அபூர்வமான நோயாக மாறிவிடும்! மண்ணீரல் கிழிந்து இறந்தான் என்ற மருத்துவர் வாக்கு, அடித்தவன் கையிலிருந்து பழியை எடுத்து, இறந்தவன் உடலின்மேல் வைக்கும் கருவியாயிற்று. இந்தியப் பத்திரிகைகளில் அத்தொடர் கசப்பான ஏளனமொழியாக வழங்கியதில் வியப்பில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வாதத்தால் பயன் பெற்றோர் வெள்ளையர் மட்டுமே அல்லர். 1879 முதல் 1881 வரையிலான அலகாபாத் தீர்ப்புத் தொகுதிகளில் ஃபாக்ஸ், ஓபிரையன் என்ற பெயர்களோடு ரந்தீர் சிங் என்ற பெயரும் காணப்படுகிறது; கல்கத்தாத் தொகுதியில் சபாத்துல்லா என்ற பெயரும் உண்டு. எல்லாம் மண்ணீரல் வழக்குகளே. ஊர்ச் சண்டையில் அடித்தவனும் அதே வாதத்தைச் சொன்னான். ஆனால் அடிப்பது எசமானனாகவும் அடிபடுவது கூலியாளாகவும் இருந்த இடத்தில், அடித்தவர் இனத்தாரே தீர்ப்பும் கூறிய இடத்தில், அவ்வாதம் எவ்வளவு எளிதாக வென்றது என்பதற்கு ஆக்ரா வழக்கு சாட்சி.

இன்னொன்றும் கருதத் தக்கது. அக்காலத்தில் மண்ணீரல் கிழிந்தது என்ற நோய் நிர்ணயம் பிணத்தின்மேல்தான் செய்யப்பட்டது. கட்வாரு நடந்து சென்ற அந்தச் சில நிமிடங்களில் உலகத்திலேயே தலைசிறந்த மருத்துவர் ஒருவர் அருகில் இருந்திருப்பினும் அவனைக் காப்பாற்றியிருக்க முடியாது. அடியால் கிழிந்த மண்ணீரலை அறுத்தெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் வெற்றி, 1892இல் ப்ரெஸ்லௌ நகரத்து ரீக்னர் என்பவருடையது; உயரத்திலிருந்து விழுந்த ஒரு சிறுவனுக்கு அவ்வறுவை நடந்தது. ஆக்ரா வழக்குக்குப் பதினேழு ஆண்டு பிற்பட்டது அது.

பம்பாய்க்கு வருவோம். இப்பெருநகரம் மலேரியாவுக்குப் பழைய இருப்பிடம். துறைமுக விரிவு வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் காய்ச்சல் மிகுந்ததனால், பென்ட்லி என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1911இல் அறிக்கை ஒன்று எழுதினார். வீடுகளிலும் ஆலைகளிலும் இருந்த கிணறுகளில் வளரும் ஒருவகை அனோபிலிஸ் கொசுவே பெரும் பகைவன் என்று அவர் கண்டார். கிணறுகளை மூடச் சொன்னபோது, வழிபாட்டுக்குரிய நீர்நிலையை மூடுவதா என்று பலர் எதிர்த்தனர். தாராவியோ அக்காலத்தில் மாஹிம் கழியை ஒட்டிய சதுப்பு நிலம். நகரத்தின் நடுவே வேண்டாம் என்று தள்ளப்பட்ட தோல் பதனிடும் தொழில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வேரூன்றியது. அதை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் வந்தனர். சேற்றை மேடாக்கி, அதன்மேல் குடிசை கட்டி வாழ்ந்த அந்த முதல் தலைமுறையினர் குளிர்காய்ச்சலுக்குத் தப்பியிருத்தல் அரிது. பகலெல்லாம் தோல் சுமந்து, மாலையில் குலை நடுக்கத்தோடு படுத்தவர் எத்தனை பேரோ! அவர்கள் வயிற்றை எண்ணிக் கணக்கெழுத எந்த டெம்ப்ஸ்டரும் வந்ததாக நாம் அறியோம்.

இனி, உயிரோடிருப்பவர் வயிற்றுக்குள் நடப்பதை மருத்துவர் எவ்வாறு அறியத் தொடங்கினர் என்பதைக் காண்போம். கருவிகள் வருமுன் கையும் காதும் கண்ணுமே கருவிகள். அவற்றுள் ஓர் அழகிய குறி உண்டு. ஹான்ஸ் கேர் என்ற ஜெர்மானிய அறுவை வைத்தியர் பெயரால் வழங்குவது அது. அடிபட்டவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால், தோளில் ஒரு காயமும் இல்லாதிருந்தும், இடத்தோள் வலிக்கிறது என்பார். வயிற்றில் கசிந்த இரத்தம் மேலேறி உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்குச் செல்லும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுவது. தோளின் தோலுக்குச் செல்லும் நரம்பும் அங்கிருந்தே புறப்படுகிறது. மூளை இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகிறது. வயிற்றில் அடிபட்டவர் தோள்வலி என்று சொன்னால், மூட்டை தூக்கிய வலி என்று அதைத் தள்ளிவிடலாகாது.

மண்ணீரலுக்கு மற்றொரு வஞ்சகமும் உண்டு. கிழிந்த இடத்தை உறைந்த இரத்தம் அடைத்துக்கொள்ள, அல்லது உறை மட்டும் கிழியாமல் நிற்க, எல்லாம் அடங்கிவிட்டது போல் தோன்றும். சில நாள் கழித்து, சில சமயம் இரண்டு வாரம் கழித்தும், திடீரென்று வெடிக்கும். பின்னாளில் உலகப் போரில் தீக்காயம் பட்ட விமானிகளின் முகத்தைச் சீரமைத்துப் புகழ் பெற்ற மக்கிண்டோ, 1932இல் எழுதிய கட்டுரை ஒன்று இத்தகைய காலந்தாழ்ந்த இரத்தப் பெருக்கைப் பற்றியதே.

1965இல் அமெரிக்காவில் ரூட் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். கொப்பூழின் கீழே சிறு துளையிட்டு, மெல்லிய குழாய் வழியே ஒரு லிட்டர் உப்பு நீரை வயிற்றறைக்குள் விட்டு, மீண்டும் வடித்துப் பார்ப்பது. வடிந்த நீர் சிவந்திருந்தால் உள்ளே இரத்தம் உண்டு. எளிய முறை, செலவு குறைந்தது, பல்லாயிரம் உயிரைக் காத்தது. அதன் குறையோ, இரத்தம் உண்டு என்று சொல்லுமேயன்றி எங்கிருந்து என்று சொல்லாது. தானே நின்றுவிடக்கூடிய சிறு கசிவுக்கும் வயிற்றைத் திறக்க வைத்துவிடும். பின்னர் ஒலியலைப் படம் வந்தது. நான்கு இடங்களில் மட்டும் கருவியை வைத்து, இதயத்தைச் சுற்றியும், கல்லீரலின் பக்கத்திலும், மண்ணீரலின் பக்கத்திலும், அடிவயிற்றிலும் நீர்மம் தேங்கியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடும் முறை 1990களில் உலகெங்கும் பரவியது. ஹௌன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. பின்பு வயிற்றையும் ஏடு ஏடாகப் பிரித்துக் காட்டலாயிற்று.

இவ்வளவு கருவிகள் வந்த பின்னும், அடிபட்டவர் முன்னமே சுமந்து வந்த நோய் மருத்துவரை மயக்குவதை நிறுத்தவில்லை. ஒலியலைப் படத்தில் வயிற்றில் நீர்மம் தெரிகிறது. இரத்தம் என்று எண்ணிக் கத்தி எடுத்தால், அது கல்லீரல் கெட்டதனாலோ காசநோயினாலோ மாதக்கணக்காகத் தேங்கிய நீராக இருக்கலாம். மாறாக, இலேசாகத்தான் இடறி விழுந்தார் என்று கேட்டு அசட்டையாய் இருந்தால், போன மாதக் காய்ச்சலில் வீங்கிய மண்ணீரல் உள்ளே கிழிந்திருக்கலாம். காய்ச்சல் வேகத்தில், ஓர் அடியும் படாமலே மலேரியா மண்ணீரல் கிழிவதும் அரிதாக நிகழ்வதுண்டு. ஆக்ரா நீதிமன்றத்தில், இவன் முன்னமே நோயாளி என்ற செய்தி குற்றத்தைச் சிறிதாக்கப் பயன்பட்டது. இன்றைய அவசர சிகிச்சைப் பகுதியிலோ, சிறிய அடியைப் பெரிதாகக் கருத வேண்டும் என்று மருத்துவரை எச்சரிப்பது அதே செய்தி. மருத்துவ உண்மை மாறவில்லை. அது யார் பக்கம் நிற்கிறது என்பது மாறியிருக்கிறது.

மண்ணீரல் மட்டுமன்று, வேறு அபூர்வங்களும் உள. துப்பாக்கிக் குண்டு பட்டுப் பிழைத்த ஒரு படைத்தலைவன் எட்டு மாதம் கழித்து வயிற்று நோவால் மாண்டதையும், உதரவிதானத்தில் விரல் நுனி அளவான ஓட்டை வழியே குடல் மார்புக்குள் ஏறிச் சிக்கியிருந்ததையும் பிரெஞ்சு வைத்தியர் அம்ப்ருவாஸ் பாரே பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். லண்டனில் 1827இல் ஒரு பெண்மேல் வண்டிச் சக்கரம் ஏறியது. இறந்தபின் பார்த்த டிராவர்ஸ், கணையம் இரண்டாய் அறுந்திருக்கக் கண்டார். இன்று சந்தில் சைக்கிள் ஓட்டும் சிறுவன் கைப்பிடியின் முனை வயிற்றில் குத்த விழுந்தால் அஞ்ச வேண்டியது அக்கணையத்தைப் பற்றியே. அன்று சிவந்த வட்டம் ஒன்று மட்டும் தெரியும். ஓரிரு நாள் கழித்து வாந்தியும் வலியும் தொடங்கும்.

அடிபட்ட மண்ணீரலை என்ன செய்வது? நெடுங்காலம் வரை விடை ஒன்றுதான்: அறுத்து எறி. அஃது இல்லாமலும் மனிதன் வாழலாம் என்று எண்ணினர். 1952இல் கிங், ஷுமேக்கர் என்ற இருவர், மண்ணீரல் எடுக்கப்பட்ட சில கைக்குழந்தைகள் பின்னர்க் கடும் தொற்றுநோய்க்கு ஆளானதைக் கண்டு எழுதினர். இரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டும் காவலன் அது என்பது அதன்பின் தெளிவாயிற்று. இவ்விடத்தில் நம் நாட்டார் ஒருவரின் பெயரைப் பெருமையோடு கூறலாம். டொரான்டோ நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், வயிற்றைத் திறக்காமலே படுக்க வைத்துக் கவனித்த பிள்ளைகள் பலர் பிழைத்துக்கொண்டனர். அச்சான்றுகளை ஆராய்ந்து, உபாத்யாயாவும் சிம்ப்சனும் 1968இல் கட்டுரை வெளியிட்டனர். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் குழந்தை அறுவை மருத்துவப் பேராசிரியராய் விளங்கியவர் அந்த உபாத்யாயா. மண்ணீரல் தானே ஆறும் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. இன்று இரத்த அழுத்தம் நிலைத்து நிற்கும் பிள்ளைகளுக்கு உலகெங்கும் அதுவே முதல் வழி. பெரியவர்களுக்கும் அது பரவியிருக்கிறது.

இம்முறைக்கு வேண்டியது கத்தியன்று, காத்திருத்தல். அங்கேதான் நம்மவருக்குச் சங்கடம். நாட்கூலிக்காரர் மூன்று நாள் படுக்கையில் கிடந்தால் மூன்று நாள் அடுப்பு எரியாது. வலி குறைந்த மறுநாளே, "என் பொறுப்பில் போகிறேன்" என்று கையெழுத்திட்டுவிட்டுப் புறப்படுவோரை நாம் அறிவோம். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் மக்கிண்டோ எழுதிய அந்த இரண்டாவது வெடிப்பு வீட்டிலோ, சாரத்தின் மேலோ, ஊருக்குப் போகும் ரயிலிலோ நிகழலாம். வீட்டுக்குப் போனபின் எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடும் வழக்கம் நம் தென்பாண்டி நாட்டாரிடம் உண்டு. சுளுக்குக்கு அது நல்லதாயிருக்கலாம்; வயிற்றடிக்குக் கூடவே கூடாது. உறைந்து அடைத்த இரத்தக்கட்டியை அந்தக் கை பெயர்த்துவிடும்.

மொழியும் ஒரு தடை. மருத்துவர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்பார்; முதிய தாயார் தமிழில்தான் சொல்லுவார். இந்தியில் மண்ணீரலை 'தில்லி' என்பர். தமிழ் எழுத்தில் எழுதினால் தலைநகரம் போலவே தோன்றும். ஊரைக் கேட்கிறாரோ என்று மயங்குவதற்கு இடமுண்டு. காய்ச்சலுக்கு அவர்கள் சொல்லும் 'புகார்' நம் காதில் முறையீடாக விழுகிறது. மராத்தியில் காய்ச்சல் 'தாப்' ஆகும். இச்சொற்களை அறிந்த இளைஞர் ஒருவர் உடன் செல்லுதல் நன்று. சொல்ல வேண்டிய செய்திகள் சில: அடி எப்போது, எதனால் பட்டது, அண்மையில் மலேரியாவோ டெங்குவோ வேறு காய்ச்சலோ கண்டதா, மஞ்சட்காமாலை, காசநோய், குடிப்பழக்கம் உண்டா, பெண்ணாயின் கருவுற்றிருக்கிறாரா, தோள் வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா. குடிப்பழக்கத்தை மறைக்க விரும்புவோர் பலர். மருத்துவர் அதைக் கேட்பது ஒழுக்கம் பேசுவதற்கன்று; வயிற்றில் தெரியும் நீர் புதியதா பழையதா என்று அறிவதற்கே. மும்பையில் மலேரியா இன்னும் மறைந்துவிடவில்லை. 2010ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அது நகரத்தையே ஆட்டி வைத்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பர். ஆதலின் மழைக்காலக் காய்ச்சலை எல்லாரும் அடைகின்றார்களே என்று சொல்லாது விடுவது சரியன்று.

மண்ணீரலை எடுக்க நேர்ந்தவருக்கு இன்னொரு கடமை உண்டு. சில கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளை அவர் போட்டுக்கொள்ள வேண்டும். எந்தக் காய்ச்சலையும் ஒரு நாள் கூடப் பொறுத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மலேரியா அத்தகையவரை மிகக் கடுமையாகத் தாக்கும். ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் தாளில் இவை எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளை ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துவதும், கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கு வண்டி ஏறும்போது பையில் எடுத்துச் செல்வதும் நலம். அங்குள்ள டாக்டர் வயிற்றிலுள்ள தழும்பைக் காண்பார். அதன் வழியே எது எடுக்கப்பட்டது என்பது அத்தாளைப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.